ஜார்ஜ் டவுனில் கேமரா பயிற்சி: முதல் முறை போகிறவர்களுக்கு

பாரிமுனையில் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கேமரா பையோடு நிற்கும் கூட்டத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பத்துப் பேர் இருந்தால் ஆறு பேர் தலையைக் குனிந்து கேமரா மெனுவைத் துழாவிக்கொண்டிருப்பார்கள். வெளிச்ச உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் ஐ.எஸ்.ஓ. எங்கே மாற்றுவது, ஃபிளாஷ் ஏன் தானாக எழும்புகிறது, கார்டு ஏன் ஃபுல் என்கிறது. அதற்குள் கடல் பக்கமிருந்து வெயில் ஏறி, தலைமைத் தபால் நிலையத்தின் செங்கல் சுவரில் விழுந்து, வெளுத்தும் போயிருக்கும். என் முதல் பயிற்சி அப்படித்தான் போனது. கட்டிய காசைவிட, கைவிட்டுப் போன அந்த வெளிச்சம்தான் பல நாள் மனதில் நின்றது.

அதற்குப் பிறகு பல முறை போயிருக்கிறேன், புதியவர்களைக் கூட்டிக்கொண்டும் போயிருக்கிறேன். எல்லோரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: பொத்தான் வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டு வாருங்கள். ஜார்ஜ் டவுன் தெருவில் நல்ல வெளிச்சம் ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. அந்த நேரத்தில் கண் பார்க்க வேண்டும், வாய் பேச வேண்டும். விரல் தானாக வேலை செய்ய வேண்டும்.

முதலில் ஊரைப் புரிந்துகொள்ளுங்கள்

இதைப் பயிற்சிக்குப் போகும் முன்பே செய்யலாம். என்.எஸ்.சி. போஸ் சாலையில் நின்று தெற்கே பார்த்தால் உயர் நீதிமன்றத்தின் பெரிய வளாகம், மரங்கள், வானம். திரும்பி வடக்கே பார்த்தால் ஒரு மீன்பாடி வண்டி நுழைந்தாலே அடைத்துக்கொள்ளும் தெருக்கள். ஒரே சாலையின் இரண்டு பக்கமும் ஏன் இப்படி? உள்ளூர் மக்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் பட்டணம், புனித ஜார்ஜ் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி, இன்று நீதிமன்றம் நிற்கும் பக்கத்தில்தான் இருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்து, 1749-ல் திருப்பிக் கொடுத்தார்கள். கோட்டைப் பீரங்கிகளுக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் என்று ஆங்கிலேயர்களுக்குப் புரிந்தது. பழைய ஊர் தரைமட்டமானது. மக்கள் வடக்கே தள்ளிப் போய்க் கட்டிக்கொண்ட ஊர்தான் இது. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடியபோது அவர் பெயரை வைத்தார்கள்.

வெட்டவெளியின் எல்லையைக் காட்ட 1773-ல் 13 கற்களை நட்டார்கள். மிச்சம் இருப்பது ஒன்று. பாரிமுனையில் இருக்கும் பாரி கட்டடமான டேர் ஹவுஸில் இருக்கிறது. பழைய ஊரோடு இடிபட்ட கோயிலுக்கு மாற்றாகப் பூக்கடைப் பக்கம் எழுந்தவைதான் சென்ன கேசவப் பெருமாள், சென்ன மல்லீஸ்வரர் கோயில்கள். பட்டணம் கோயில் என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

கேமராவுக்கு இதனால் என்ன? சாலையின் தெற்கே விலகி நிற்க இடம் உண்டு, முழுக் கட்டடமும் படத்தில் வரும். வடக்கே உள்ள சந்துகளில் பின்னால் நகரவே முடியாது. அங்கே முழுக் கட்டடத்துக்கு ஆசைப்பட்டால் சுவர்கள் இரண்டும் உள்ளே சாய்ந்து விழுவதுபோல் வரும். சந்துக்குள் போனால் கதவு, சன்னல், படிக்கட்டு, ஆள் என்று பாருங்கள். இந்த ஒரு புரிதல் இருந்தால் எந்த லென்ஸ் என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது

விளம்பரத்தில் இருக்கும் அழகான படங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். போன் போட்டுக் கேளுங்கள். ஒரு குழுவில் எத்தனை பேர்? பன்னிரண்டைத் தாண்டினால் தெருவில் ஊர்வலம் மாதிரி ஆகிவிடும், சொல்லிக்கொடுப்பவர் உங்கள் பக்கம் வரவே மாட்டார். எடுத்த படங்களை உட்கார்ந்து பார்த்துப் பேச நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா? இதுதான் முக்கியமான கேள்வி. வெறுமனே நடக்கக் கூட்டிப்போய், பத்து மணிக்குக் குழுவாக நின்று ஒரு படம் எடுத்துவிட்டு அனுப்பினால் அதற்குப் பெயர் பயிற்சி இல்லை. படம் பார்க்கும் நேரம் குறைந்தது ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும்.

செல்போனோடு வரலாமா என்றும் கேட்டுவிடுங்கள். வரலாம் என்று தயங்காமல் சொல்பவரிடம் சேருங்கள். வெளிச்சத்தைப் பார்க்கச் சொல்லித்தருபவருக்கு எந்தக் கேமரா என்பது இரண்டாம்பட்சம். இதற்காகப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

கிழமையையும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், தெரு காலியாக இருக்கும். கட்டடம் எடுக்க அது நல்ல நாள். ஆள், வேலை, மூட்டை, சத்தம் எல்லாம் வேண்டுமென்றால் வார நாள். ஆர்மேனியன் தெருவில் அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள். மாதத்தில் ஜனவரியும் பிப்ரவரியும் அருமை. அக்னி நட்சத்திரத்தில் நடத்துகிறார்கள் என்றால் தவிர்த்துவிடுங்கள், எட்டு மணிக்கே கல் சுடும்.

முந்தின நாள் இரவு

இங்கேதான் நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பேட்டரியைச் சார்ஜ் போடுங்கள். இரண்டாவது பேட்டரி இருந்தால் அதையும். மெமரி கார்டில் பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, கேமராவிலேயே வைத்து ஃபார்மட் செய்யுங்கள். 64 ஜி.பி. ஒரு காலைக்குத் தாராளம். கேமராவில் தேதியும் மணியும் சரியா என்று பாருங்கள், பிறகு எந்தப் படம் எந்தத் தெரு என்று பிரிக்க அதுதான் கைகொடுக்கும். ரா (கேமரா பதித்தது பதித்தபடி இருக்கும் கோப்பு), ஜேபெக் (கேமராவே முடித்துத் தரும் படம்) இரண்டும் பதிவாகும்படி வையுங்கள். ரா கோப்பைத் திருத்த இப்போது தெரியாவிட்டாலும் ஒரு வருடம் கழித்துத் தெரிந்திருக்கும், அன்று அந்தக் கோப்பு வேண்டும்.

அப்புறம் மோடு. முழு மேனுவலில் எடுத்தால்தான் கற்றுக்கொண்டதாக அர்த்தம் என்று யாராவது சொன்னால் அதைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். நிக்கான், சோனியில் ஏ, கேனானில் ஏ.வி. என்று டயலில் இருக்கும், அதில் வையுங்கள். லென்ஸ் துளையான அப்பர்ச்சரை நீங்கள் வைத்தால், ஷட்டர் வேகத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். அப்பர்ச்சர் எஃப் 5.6. ஐ.எஸ்.ஓ. ஆட்டோ, உச்சவரம்பு 3200. ஷட்டர் வேகம் 1/250 நொடியைவிட மெதுவாகப் போகாதபடி வைக்க வசதி இருந்தால் வையுங்கள். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். இனி தெருவில் நீங்கள் தொட வேண்டியது ஒரே ஒரு பொத்தான், ப்ளஸ் மைனஸ் போட்டிருக்கும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்.

அதை மட்டும் விளக்கு அணைத்த அறையில் உட்கார்ந்து பழகுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. கேமராவைக் கண்ணில் வைத்தபடி, விரலால் மட்டும் தேடி, ப்ளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று, மறுபடி சுழி. இருபது முறை. பாத்திரம் கழுவும் அம்மாவின் கை, சன்னலோரம் தூங்கும் பூனை என்று வீட்டில் இருப்பதை எடுத்துப் பாருங்கள். கேமராவுக்கு எல்லாமே நடுத்தரச் சாம்பல் நிறமாக வேண்டும். வெள்ளைச் சுவரைக் காட்டினால் அழுக்குப் பிடித்ததாக ஆக்கும், அதற்கு ப்ளஸ். இருட்டுச் சந்தைக் காட்டினால் பகலாக்கிவிடும், அதற்கு மைனஸ். பளிச்சென்ற வானத்துக்கு முன்னால் ஒரு முகம் இருந்தால் முகம் கறுத்துவிடும், அதற்கும் ப்ளஸ்தான். செல்போனில் என்றால் முகத்தைத் தொட்டு, சூரியன் மாதிரி தெரியும் குறியை மேலே கீழே இழுத்தால் அதே வேலை நடக்கும்.

லென்ஸ் ஒன்று போதும். கேமராவோடு வந்த 18-55 தாராளம். 50 எம்.எம். இருந்தால் சந்துகளுக்கு அருமை. ட்ரைபாட் வேண்டாம், அந்த நெரிசலில் யாராவது தடுக்கி விழுவார்கள்.

சென்னைக்காரர்கள் மறக்கவே கூடாத ஒரு விஷயம் இருக்கிறது. இரவு முழுக்க ஏ.சி. அறையில் இருந்த கேமராவை விடியற்காலையில் வெளியே எடுத்தால், கடற்கரை ஈரக்காற்று பட்டவுடன் லென்ஸில் பனி படர்ந்துவிடும். டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றியதும் வெளியே வியர்க்குமே, அதே கதைதான். துடைத்தால் மறுபடி படியும். துடைப்பதால் தீராது, கண்ணாடி வெளிச்சூட்டுக்கு வரும்வரை கால் மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். முந்தின இரவே கேமரா பையைக் கூடத்தில் வைத்துவிடுங்கள். வழியில் ஏ.சி. காரிலோ மெட்ரோவிலோ வந்தால் ஜிப் வைத்த கவரில் போட்டு மூடிக்கொண்டு வாருங்கள், பனி கவரின் மேல்தான் படியும். வீட்டுக்குத் திரும்பியதும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். இந்த ஊர் ஈரத்துக்கு லென்ஸ் உள்ளே பூஞ்சை பிடிக்கும், பிடித்தால் செலவு.

தொப்பி, தண்ணீர், மூடிய செருப்பு அல்லது ஷூ, அடையாள அட்டை. பை சின்னதாக இருக்கட்டும்.

எப்போது, எங்கே நிற்பது

மெட்ரோவில் உயர் நீதிமன்றம் அல்லது மண்ணடியில் இறங்கலாம், மின்சார ரயில் என்றால் கடற்கரை நிலையம். நிலையத்திலேயே கழிவறைக்குப் போய்விட்டு வாருங்கள், உள்ளே தெருக்களில் தேடுவது சிரமம். பெண்கள் இதைத் திட்டத்தில் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். நடத்துபவரிடமும் முன்கூட்டியே கேளுங்கள், நல்ல அமைப்பாளர் பதில் வைத்திருப்பார்.

சூரியன் ஜனவரியில் ஆறரையை ஒட்டியும் ஜூனில் ஐந்தே முக்காலை ஒட்டியும் உதிக்கும். அதற்கு அரை மணி முன்னால் ராஜாஜி சாலையில் இருங்கள். தலைமைத் தபால் நிலையம், கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1884-ல் எழுந்தது, கடலைப் பார்த்து நிற்கிறது. பக்கத்தில் மெட்ராஸ் வங்கிக்காகக் கட்டிய இன்றைய ஸ்டேட் வங்கிக் கட்டடமும் அப்படித்தான். இரண்டுக்கும் காலை வெயில்தான் வெயில். மாலையில் போனால் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் நிற்கும், முகப்பு இருண்டு கிடக்கும். எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து, கேமராவை மேலே நிமிர்த்தாமல் நேராகப் பிடித்து எடுங்கள், தூண்கள் நேராக நிற்கும். கீழே சாலை அதிகமாக வந்தால் வரட்டும், பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

அடுத்து என்.எஸ்.சி. போஸ் சாலை. இது கிழக்கு மேற்காகப் போகிறது, ஆகவே வெயில் சாலை நெடுக ஓடி வரும். பூக்கடைப் பக்கம் போய்க் கிழக்கே திரும்பி நில்லுங்கள். டீக்கடை ஆவி, லாரி கிளப்பும் தூசி, தலைச்சுமையோடு வருகிற ஆள், எல்லாவற்றுக்கும் ஓரத்தில் வெளிச்சக் கோடு விழும். மைனஸ் ஒன்று வைத்தால் நிழலுருவம். ஆட்களின் முகம் வேண்டுமென்றால் மேற்கே திரும்புங்கள், வெயில் உங்கள் முதுகில் இருக்கும்.

தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, ஆர்மேனியன் தெரு எல்லாம் வடக்கு தெற்காக ஓடுபவை. அங்கே ஆறரைக்குப் போனால் நிழல்தான். எட்டு, எட்டரைக்கு வெயில் மாடிகளைத் தாண்டி எதிர்ச் சுவரில் இறங்கும், அங்கிருந்து துள்ளி நிழல் பக்கத்துக்கும் மெல்லிய வெளிச்சம் வரும். முகங்கள் எடுக்க எனக்கு அந்த வெளிச்சம்தான் பிடித்தது. ஆகவே ராஜாஜி சாலை, போஸ் சாலை, கடைசியில் செட்டித் தெருக்கள் என்ற வரிசையை மாற்ற வேண்டாம்.

ஒன்பது மணிக்கு மேல் ஆர்மேனியன் தேவாலயம். இன்றைய கட்டடம் 1772-ஐச் சேர்ந்தது. வெயில் ஏறிய பிறகும் படம் எடுக்க முடிகிற இடம், உள்ளே வராந்தாவும் தரையில் பதித்த கல்லறைக் கற்களும் இருக்கின்றன. வெயில் சாய்வாக விழும் இடத்தில் கல்லில் செதுக்கிய ஆர்மேனிய எழுத்துகள் எழுந்து நிற்பதுபோல் தெரியும். உச்சி வெயில் நேராக விழும்போது பார்த்தால் அதே எழுத்து தட்டையாகிவிடும். பக்கவெளிச்சம் என்றால் என்ன என்பதை இதைவிட எளிதாகச் சொல்லித்தர எனக்குத் தெரியவில்லை. மணிக்கூண்டில் ஆறு மணிகள் இருக்கின்றன, ஞாயிறு காலையில் ஒலிப்பார்கள்.

பூக்கட்டும் கை

ஆட்களை எடுப்பதுதான் புதியவர்களுக்குப் பெரிய தயக்கம். தூரத்தில் நின்று ஜூம் போட்டுத் திருட்டுத்தனமாக எடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. படமும் நன்றாக வருவதில்லை, தூரத்தில் நின்று எடுத்ததன் தூரம் படத்தில் தெரியும்.

பத்ரியன் தெருவில் ஒரு அக்கா சாக்கு விரித்து உட்கார்ந்து மல்லி கட்டிக்கொண்டிருந்தார். நான் கேமராவைக் கீழே தொங்கவிட்டு, எதிரே குந்தி உட்கார்ந்து, "அக்கா, நீங்க கட்டுறத ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். "எடுத்துக்கோ. மூஞ்சி வேணாம், தல கூட சீவல. கைய மட்டும் எடு." அவர் அப்படிச் சொன்னதால்தான் கையை ஒழுங்காகப் பார்த்தேன். நனைத்த வாழைநார் இடது கையில். மொட்டு இரண்டை இந்தப் பக்கம், இரண்டை அந்தப் பக்கம் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, நாரை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விட்டு இழுக்கிறார். ஒரு கண்ணி. நான் பார்த்து முடிக்கும் முன் அடுத்த கண்ணி. கட்டைவிரல் நகத்தோரம் பச்சைக் கறை. கொஞ்சம் சேர்ந்ததும் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை பிடித்து அளந்து, கூடையில் சுருட்டிப் போடுகிறார்.

1/250-ல் எடுத்தேன், விரல் கல்லாக உறைந்துவிட்டது. பூக்கட்டும் கையா, பூவைப் பிடித்திருக்கும் கையா என்று தெரியவில்லை. ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் எஸ் மோடுக்கு மாற்றி ஷட்டரை 1/60-க்கு இறக்கி, முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, பதினைந்து இருபது எடுத்தேன். ஒன்றில் நாரைச் சுற்றும் வலது கை மட்டும் மெல்லக் கலங்கி, இடது கையும் மொட்டுகளும் கூர்மையாக வந்தன. நீங்களும் இதைச் செய்து பாருங்கள். ஓரிடத்தில் கால் மணி நேரமாவது உட்காருங்கள். குழு நகர்ந்துபோனால் போகட்டும், போனில் பிடித்துக்கொள்ளலாம்.

கேட்கும்போது ஆண்களை அண்ணா, பெரியவர்களை ஐயா, பெண்களை அக்கா, அம்மா. மண்ணடிப் பக்கம் பெரியவர்களை பாய் என்றால் சரியாக இருக்கும். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகருங்கள், காரணம் கேட்காதீர்கள். மூட்டை தூக்கி வருகிறவரை நிறுத்தி போஸ் கேட்பது தப்பு, அவர் கழுத்தில் பாரம் இருக்கிறது. எடுத்த படத்தைத் திரையில் காட்டுங்கள். கடைக்காரரிடம் எடுத்தால் ஒரு முழம் பூவோ ஒரு டீயோ வாங்குங்கள்.

கேமராவைத் தாழ்த்த வேண்டிய இடங்கள்

உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் படம் எடுக்கக்கூடாது, 1892-ன் அந்தச் செங்கல் கோபுரங்களை வெளியே சாலையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுக வாயில்களைப் பார்த்துக் கேமராவைத் தூக்காதீர்கள். கோட்டைக்குள் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் ராணுவமும் இருக்கின்றன, 1680-ல் கட்டி முடித்த மேரி தேவாலயத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ போனால் எங்கே எடுக்கலாம் என்று காவலரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. காளிகாம்பாள் கோயிலில் மராட்டிய மன்னர் சிவாஜி வந்து வணங்கினார் என்பார்கள், பாரதியார் வந்து பாடினார் என்பார்கள், உங்களுக்கும் உள்ளே எடுக்க ஆசை வரும். சன்னதியில் வேண்டாம், வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் முன்பும் அப்படியே. ட்ரோன் இந்தப் பகுதியில் பேச்சுக்கே இடமில்லை.

படம் பார்க்கும் மேசை

முந்நூறு படம் எடுத்திருப்பீர்கள். பத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், அது கஷ்டமாக இருக்கும். முதல் சுற்றில் ஃபோகஸ் தவறியவை, கண் மூடியவை, ஒன்றுபோல் இருக்கும் பத்தில் ஒன்பது ஆகியவற்றை ஒதுக்குங்கள். கேமராவிலேயே அழிக்காதீர்கள், வீட்டில் பெரிய திரையில் பார்த்துவிட்டு அழிக்கலாம். உங்கள் படத்தைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது, "அப்போ என்ன ஆச்சுன்னா" என்று விளக்கம் சொல்ல வாய் வரும். அடக்கிக்கொண்டு, அவர்கள் கண் முதலில் எங்கே போகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

திருத்துவது ஏமாற்று வேலையா என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் கேட்பார். 1857, 58-ல் மதுரையையும் தஞ்சாவூரையும் மெட்ராஸ் அரசுக்காகப் படம் எடுத்த லின்னேயஸ் டிரைப், காகித நெகட்டிவில் வானம் வெறுமையாக வந்ததால் அதன்மேல் மேகங்களைத் தூரிகையால் தீட்டினார். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். வெளிச்சத்தைக் கூட்டலாம், நிழலைக் கொஞ்சம் திறக்கலாம், சாய்வை நிமிர்த்தலாம். இருந்த ஒயர்களை அழித்து, இல்லாத வானத்தை ஒட்ட வேண்டாம். பவழக்காரத் தெருவின் மேலே பின்னிக் கிடக்கும் ஒயர்களும் அந்தத் தெருதான்.

அன்றிரவே படங்களை இரண்டு இடத்தில் ஏற்றிவையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் தெருப் பெயரும் தேதியும் எழுதுங்கள். இங்கே பழைய வீடுகள் சத்தமில்லாமல் இடிந்துகொண்டிருக்கின்றன. நீங்கள் எடுத்த மரத்தூண் திண்ணை அடுத்த முறை இருக்குமா என்று சொல்ல முடியாது.

அடுத்த வாரம்

எடுத்தவர்களின் படத்தில் நாலைந்தை ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள். செலவு அதிகம் ஆகாது. பின்பக்கத்தில் பெயர் தெரிந்தால் பெயர், இல்லாவிட்டால் எந்தக் கடை, எந்த மூலை என்று பென்சிலில் எழுதிக்கொள்ளுங்கள். எடுத்த அதே நேரத்துக்குப் போக வேண்டும். காலை ஆறரைக்குச் சாக்கு விரித்தவர் பத்து மணிக்கு அங்கே இருக்க மாட்டார், அந்த இடத்தில் வேறு வியாபாரம் நடந்துகொண்டிருக்கும். ஆள் இல்லையென்றால் பக்கத்து டீக்கடையில் படத்தைக் காட்டுங்கள், யார், எப்போது வருவார் என்று சொல்லிவிடுவார்கள். நான் அப்படித்தான் கை மட்டும் இருந்த அந்தப் படத்தைக் கொண்டுபோனேன். டீ மாஸ்டர் முகமே இல்லாத படத்தை ஒரு பார்வை பார்த்து, வளையலை வைத்து ஆளைச் சொல்லிவிட்டார்.